டாக்ஸி மாதிரி இருக்கு என்றார்களா? கார் வாங்கியவர்களின் கேள்விகள்

கேள்வி: நான் குடியாத்தத்தில் பள்ளி ஆசிரியர். எங்கள் குடும்பத்தில் முதல் கார் என்னுடையதுதான். போன ஆயுத பூஜைக்கு வெள்ளை நிற மாருதி டிசையர் எடுத்தோம். நைனாவை முன் சீட்டில் உட்காரவைத்து ரத்தினகிரி முருகன் கோயிலுக்குப் போய் பூஜை போட்டு வந்தோம். அந்தச் சந்தோஷம் இரண்டு மாதம்கூட நிலைக்கவில்லை. ஆம்பூரில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் வண்டிகளுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "டாக்ஸியெல்லாம் பின்னாடி போப்பா" என்று கை காட்டிவிட்டார். எனக்குப் பின்னால் வந்த சகலையின் எஸ்யூவிக்கு வாசலிலேயே இடம். பந்தியில் அதையே சொல்லிச் சிரித்தார்கள். இப்போது வீட்டில், இதை விற்றுவிட்டு இன்னும் மூன்று லட்சம் போட்டு ஒரு எஸ்யூவி எடுக்கலாம் என்று பேச்சு. அல்லது முன்பக்கம் கம்பி, நல்ல சீட் கவர், அலாய் வீல் போட்டு வண்டியின் தோற்றத்தை மாற்றலாமா?

பதில்: விற்காதீர்கள் சார். காரணங்களைச் சொல்வதற்கு முன் அந்த மண்டப வாசலைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் வண்டியில் இருப்பது வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து. வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகை. அவர் நம்பர் பலகையைப் பார்க்கவில்லை, வண்டியின் நிறத்தையும் முகத்தையும் பார்த்துக் கை காட்டிவிட்டார். முகூர்த்த நேரத்து நெரிசலில் நடந்தது அவ்வளவுதான். உங்களுக்கு வலித்தது நியாயம். நைனா பக்கத்தில் இருந்திருந்தால் இன்னும் வலித்திருக்கும்.

சரி, இந்த வண்டியை டாக்ஸிக்காரர்கள் ஏன் வாங்குகிறார்கள் என்று யோசித்தீர்களா? காட்பாடி ஜங்ஷன் வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகள், அவர்களுடைய பெட்டி, படுக்கை, ஸ்கேன் கவர் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவதில் பாதி இதே ஜாதி வண்டி. அந்த டிரைவருக்கு வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் போச்சு. மைலேஜ், பாகங்களின் விலை, எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைக்க முடியுமா என்று பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்து வாங்குகிறவர் அவர். விளம்பரத்துக்கு மயங்க அவருக்கு வசதி இல்லை. அவர் நம்பும் வண்டியை நீங்களும் நம்பினீர்கள் என்றால் அதில் தலை குனிய என்ன இருக்கிறது? நான் பல வருடமாகக் கார் வாங்குகிறவர்களோடு பேசிவருகிறேன். இதைவிட நல்ல சான்றிதழ் ஒரு காருக்குக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

"வால் வெட்டுப்பட்ட மாதிரி" என்று உங்கள் வண்டியின் பின்பக்கத்தையும் யாராவது சொல்லியிருப்பார்கள். அதற்கும் கதை உண்டு. 2006 மத்திய பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய கார்களுக்கு வரிச் சலுகை வந்தது. 2008-ல் வந்த முதல் டிசையர் அதைவிட நீளம். 2012-ல் வந்த அடுத்த டிசையரின் வாலைச் சுருக்கி நான்கு மீட்டருக்குள் கொண்டுவந்தார்கள். இப்போதைய வண்டி 3,995 மில்லிமீட்டர், இன்ஜின் 1,197 சிசி. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் வரும் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், அதற்கு மேல் போனால் 40. நீங்கள் ஆயுத பூஜைக்கு எடுத்ததால் அந்தக் குறைப்பு முழுசாக உங்களுக்குக் கிடைத்திருக்கும். அந்தக் குட்டை வால் உங்கள் பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்த வால். அதற்குள்ளேயே 382 லிட்டர் டிக்கி இருக்கிறது.

பந்தியில் சிரித்தவர்களுக்குத் தெரியாத இன்னொன்று. 2024 நவம்பரில் இந்தப் புதிய டிசையர் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியது. மாருதி கார்களில் அதுதான் முதல் முறை. எல்லா வேரியன்ட்டிலும் ஆறு ஏர்பேக். பள்ளிகொண்டா டோல் தாண்டி லாரிகளுக்கு நடுவே நைனாவோடு போகும்போது மண்டப வாசலில் கிடைக்கும் இடத்தை நினைப்பீர்களா, இதை நினைப்பீர்களா?

இப்போது அந்த மூன்று லட்சம். உங்கள் வண்டி ஷோரூம் விலை எட்டு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் தாண்டினால் இன்சூரன்ஸ் கணக்கிலேயே 15 சதவீதம் தேய்மானம். மதிப்பு 6,80,000 ஆகிவிடும். சந்தையில் இரண்டாவது கைக்குப் போகும்போது அதுகூட வரும் என்று உறுதி இல்லை. எடுக்கப்போகும் எஸ்யூவி பதினோரு லட்சம். தமிழ்நாட்டில் ஆயுள் வரி ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்திலிருந்து இருபது லட்சம் வரை 18. 2023 நவம்பரில் மாறிய விகிதம் இது. அப்படியானால் வரி மட்டும் 1,98,000. மொத்தம் 12,98,000. பழைய வண்டிக்கு வந்ததைக் கழித்தால் கையிலிருந்து போடவேண்டியது 6,18,000. புது இன்சூரன்ஸ், பழைய லோனை முன்கூட்டியே முடிக்கிற கட்டணம் தனி. நீங்கள் டிசையருக்குக் கட்டிய 1,04,000 ஆயுள் வரி வண்டியோடு போய்விடும், திரும்பி வராது. வீட்டில் மூன்று லட்சம் என்று பேசியது ஆறு லட்சத்துக்கு மேல் வருகிறது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி இன்று ராத்திரி சாப்பிடும்போது எல்லோருக்கும் காட்டுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மாற்றிச் சொல்வேன். நைனாவுக்கு முட்டி வலி இருந்து, தினமும் ஏறி இறங்குகிறார் என்றால் டிசையர் போன்ற செடானின் தாழ்ந்த சீட் சிரமம்தான். என் அம்மா எங்கள் செடானிலிருந்து இறங்கும்போது முதலில் இரண்டு காலையும் வெளியே வைத்து, கதவின் மேல் விளிம்பைப் பிடித்து, ஒரு மூச்சு வாங்கிவிட்டுத்தான் எழுந்திருப்பார். அதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் உயரமான வண்டி எடுத்திருக்கலாமோ என்று எனக்குத் தோன்றும். வண்டியை மாற்ற அது நியாயமான காரணம். சகலையின் சிரிப்பு காரணம் ஆகாது.

அலங்கார விஷயம். முன்பக்கம் இரும்புக் கம்பி வேண்டவே வேண்டாம். அது சட்டப்படி தடை செய்யப்பட்டது. மோதலில் வண்டியின் முன்பக்கம் நசுங்கித்தான் அதிர்ச்சியை வாங்கும். கம்பி அதைக் கெடுத்து, ஏர்பேக் சென்சாரையும் குழப்பும். சீட் கவர் போடலாம், ஆனால் கவனம். பக்கவாட்டு ஏர்பேக் முன் சீட்டின் ஓரத்தில் இருக்கிறது. சாதாரண கவரால் இறுக்கி மூடினால் அது விரிய வழியில்லை. ஏர்பேக் உள்ள சீட்டுக்கென்று ஓரத்தில் தையல் விட்டுக் கொடுக்கும் கவரைக் கேட்டு வாங்குங்கள். அலாய் வீல் உங்கள் இஷ்டம், டயர் அளவை மட்டும் மாற்றாதீர்கள்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பக்கெட் தண்ணீரும் பழைய பனியன் துணியும் எடுத்து நீங்களே துடையுங்கள். புது வெள்ளை பெயின்ட் நன்றாகத் துடைத்துவிட்டால் எதிர்வீட்டு வேப்பமரம் பானட்டில் தெரியும்.

கேள்வி: காட்பாடியில் ஒரு செடானுக்கு நல்ல தள்ளுபடி சொல்கிறார்கள். அதிகம் விற்காத மாடல், டீலர் யார்டில் நின்ற வண்டி என்று நினைக்கிறேன். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், எப்போது செய்த வண்டி என்று தெரிந்துகொண்டு. விற்பனைச் சான்றிதழான படிவம் 21-லும் ஆர்சியிலும் தயாரித்த மாதமும் வருடமும் வரும். பணம் கட்டும் முன் சேஸிஸ் நம்பரைக் கேட்டு, மாதத்தை எழுதி வாங்குங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1825 என்றால் 2025-ன் 18-வது வாரம். ஐந்து டயரையும் பாருங்கள், ஸ்டெப்னியை மறக்காதீர்கள். சித்திரை வைகாசி வெயிலில் நம்மூர் யார்டில் நின்ற வண்டிக்கு வைப்பர் ரப்பரும் கதவு ரப்பரும் காய்ந்திருக்கும். விரலால் அழுத்திப் பாருங்கள். பேட்டரியைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள், சரியில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். போன வருடத் தயாரிப்பு என்றால் விற்கும்போது ஒரு வருடம் பழசாகவே மதிப்பார்கள். தள்ளுபடி அந்த இழப்புக்கு ஈடாக இருக்க வேண்டும். எட்டுப் பத்து வருடம் வைத்திருப்பவருக்கு அது பெரிய விஷயமே இல்லை. அப்படிப்பட்டவர் என்றால் தைரியமாக எடுங்கள்.

கேள்வி: ஆற்காட்டில் நர்ஸாக இருக்கிறேன். என் சம்பளத்தில் ஐந்து லட்சத்துக்குச் சின்ன கார் ஒன்று புக் செய்திருக்கிறேன். இன்சூரன்ஸும் 22,000 ரூபாய் ஆக்சஸரீஸ் பேக்கேஜும் எடுத்தால்தான் டெலிவரி என்கிறார்கள். "சின்ன வண்டிதானே, இதுக்கு ஏன் இவ்வளவு கேள்வி" என்று வேறு சொன்னார்கள்.

பதில்: ஐந்து லட்சம் உங்களுக்குச் சின்னத் தொகை இல்லை அம்மா, அதனால் கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. புது காருக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். அதை யாரிடம் எடுக்கிறீர்கள் என்பது உங்கள் விருப்பம். ஆக்சஸரீஸ் கட்டாயமே இல்லை. வேண்டாம் என்பதை வாய்ப்பேச்சில் விடாமல் மெயிலில் அனுப்புங்கள், புக்கிங் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மறுத்தால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது, பத்து லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கலாம். பெரும்பாலும் அந்த மெயில் போன மறுநாளே பேக்கேஜ் பில்லிலிருந்து காணாமல் போய்விடும். டெலிவரி நாளன்று பகல் வெளிச்சத்தில் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.