டூரிஸ்ட் விசாவில் கூடுதலாகத் தங்கிய மகள் எம்.எஸ். படிக்கப் போகலாமா?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. மூத்தவளின் பிரசவத்துக்குத் துணையாக டல்லாஸ் போன சின்னவள், கொடுத்த கெடு முடிந்த பிறகும் அங்கே இருந்துவிட்டு வந்திருக்கிறாள். இப்போது அதே அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க வேண்டும் என்கிறாள். "விசாதான் பத்து வருஷத்துக்குக் கொடுத்திருந்தார்களே, அப்புறம் எப்படித் தப்பாகும்?" என்பது உங்கள் கேள்வி.

நிறையக் குடும்பங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் பி-2 என்ற டூரிஸ்ட் விசாவை வைத்துக்கொண்டு அதில் போட்டிருக்கும் தேதிவரை அங்கே போய் இறங்கலாம், உள்ளே விடச் சொல்லிக் கேட்கலாம். எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்கிய அன்று விமான நிலைய அதிகாரி முடிவு செய்கிறார். வழக்கமாக ஆறு மாதம் தருவார்கள். அந்தக் கெடு ஐ-94 என்ற பதிவில் ஏறிவிடும்.

உங்கள் கணக்குப்படி மார்ச் 10 வரை அனுமதி, கிளம்பியது ஜூலை 2. நான்கு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. இது ஒருவகையில் நல்ல செய்தி. 1996-ல் வந்த சட்டப்படி, 180 நாளுக்கு மேல், ஒரு வருடத்துக்குள் கூடுதலாகத் தங்கிவிட்டுத் தானாகக் கிளம்பியவர் மூன்று வருடம் திரும்ப நுழைய முடியாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருடம். இந்தத் தடை, நாட்டைவிட்டு வெளியேறிய நாளிலிருந்து ஓடத் தொடங்கும். உங்கள் மகள் இந்த இரண்டிலும் சிக்கவில்லை. ஆனால் பழைய பத்து வருட விசா செத்துப்போய்விட்டது. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலே அது தானாக ரத்தாகிவிடும். இனி விண்ணப்பிப்பதும் சொந்த நாட்டில்தான். பாங்காக்கிலோ சிங்கப்பூரிலோ முயலலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கடிதத்தின் கடைசியில், "மாப்பிள்ளை நீட்டிப்புக்கு ஏதோ மனு போட்டதாக ஞாபகம்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியம். மார்ச் 10-க்கு முன்பே, நீட்டிப்பு கேட்கும் ஐ-539 படிவம் போய்ச் சேர்ந்திருந்தால் கூடுதலாகத் தங்கிய நாள் கணக்கே மாறலாம். அதன் ரசீது மாப்பிள்ளையின் மின்னஞ்சலிலோ அங்கே தபாலில் வந்த காகிதங்களிலோ இருக்கும். இன்றே தேடச் சொல்லுங்கள்.

அடுத்து, கன்சல்டன்சிக்காரர் சொன்னதாக நீங்கள் எழுதியிருந்த யோசனை. புது பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் பழசு தெரியாதாம்! அமெரிக்காவிலிருந்து கிளம்பும்போது நம் ஊர்போல எமிகிரேஷன் கவுண்டரில் முத்திரை குத்துவதில்லை. அதனால் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். விமான நிறுவனம் கொடுக்கும் பயணிகள் பட்டியலிலிருந்து வெளியேறிய தேதி பதிவாகிவிடுகிறது. விசாவுக்குப் போனால் பத்து விரல் ரேகையும் எடுக்கிறார்கள். விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தில், அனுமதிக்கு மேல் தங்கியதுண்டா என்று நேராகவே கேட்கிறார்கள். அங்கே 'இல்லை' என்று டிக் அடித்துப் பொய் என்று முடிவானால், அது ஆயுள் தடை. நான்கு மாதத் தவறை மறைக்கப் போய் வாழ்நாள் வாசலை அடைத்துக்கொள்ளும் வேலை. அப்படி ஆலோசனை தருபவரிடம் இன்னொரு ரூபாய் கட்டாதீர்கள்.

சரி, உண்மையைச் சொன்னால் விசா கிடைக்குமா? உறுதி சொல்ல மாட்டேன். மாணவர் விசாவான எஃப்-1-க்கு, படித்து முடித்துத் திரும்புவாள் என்று அதிகாரி நம்ப வேண்டும். போன முறை சொன்ன தேதியில் திரும்பாதவள் என்பது அவர் திரையில் இருக்கும். சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் தூதரக ஜன்னல் முன் நின்று பேசக் கிடைப்பது சில நிமிடம்தான். "அக்காவுக்குப் பிரசவத்தில் சிக்கல், குழந்தை தீவிர சிகிச்சையில் இருந்தது, நீட்டிப்பு விதி எனக்குச் சரியாகத் தெரியவில்லை, தங்கியது தவறுதான்" என்று, நடந்தது எதுவோ அதை இரண்டு வாக்கியத்தில் அவளே சொல்ல வேண்டும். மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கட்டும். கேட்டால் மட்டும் நீட்டினால் போதும்.

என் அபிப்பிராயம், இந்த வருடமே ஓட வேண்டாம். இங்கே ஒன்றிரண்டு வருடம் தன் துறையில் வேலை பார்க்கட்டும். எதற்காக இந்தப் படிப்பு, முடித்து வந்து இங்கே என்ன செய்வாள் என்பதற்கு அப்போது அவளிடம் சொந்தப் பதில் இருக்கும். கூடவே ஜெர்மனி, அயர்லாந்துப் பல்கலைக்கழகங்களையும் பார்க்கட்டும். ஆனால் அமெரிக்க விசா ஒருமுறை மறுக்கப்பட்டால், கனடா போன்ற நாடுகளின் படிவத்திலும் அதைச் சொல்ல வேண்டிவரும். அவசரப்பட்டு ஒரு மறுப்பை வாங்கிக்கொள்வதில் லாபமில்லை.

பணம் கட்டும் வரிசையிலும் கவனம் வேண்டும். வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா கட்டணம் 185 டாலர். விசா மறுத்தால் இரண்டும் திரும்ப வராது. அதற்கு முன் ஐ-94 இணையதளத்தில் அவள் போன, வந்த தேதிகளைப் பாருங்கள். பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் பழைய எண்ணிலும் தேடுங்கள். வெளியேறிய தேதி பதிவாகாமல் இருந்தால் ஜூலை 2 போர்டிங் பாஸும் சென்னையில் குத்திய முத்திரையும்தான் சாட்சி. அந்தப் பக்கங்களையும் ஐ-539 ரசீதையும் எடுத்துக்கொண்டு, அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். எம்.எஸ். சேர எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வின் தேதியை அப்புறம் முடிவு செய்யலாம்.