கொட்டிப்போன எழுத்து – கடிதம்

அன்புள்ள ஐயா,

‘மேன் வித்தவுட் எ கன்’ என்ற பழைய அமெரிக்க வெஸ்டர்ன் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவருகிறேன். ரெக்ஸ் ரீசன் நடிக்கும் ஆடம் மெக்லீன், டகோட்டாவில் ‘யெல்லோஸ்டோன் சென்டினல்’ பத்திரிகையின் ஆசிரியர். துப்பாக்கியை நம்பாதவர். அப்படிப்பட்ட முரட்டு ஊரில் இது கையாலாகாத்தனம் இல்லையா? ‘ஜெபர்சன் டிரம்’ தொடரில் வரும், துப்பாக்கி எடுக்கும் பத்திரிகை ஆசிரியரே தேவலை என்று படுகிறது.

கே.

அன்புள்ள கே.,

1957 முதல் 59 வரை வந்த தொடரை இன்று தேடிப்பிடித்துப் பார்க்கிறீர்களே, மனம் நிறைகிறது. ஆனால் ‘கையாலாகாத்தனம்’ என்ற சொல்லை இவ்வளவு சுலபமாக வீசாதீர்கள். டிரம் கிடக்கட்டும், அது வேறு கதை.

இல்லினாய் மாநிலத்து ஆல்டனில் 1837 நவம்பர் 7 இரவு, அடிமைமுறையை எதிர்த்து எழுதிய பத்திரிகை ஆசிரியர் எலைஜா லவ்ஜாயைக் கும்பல் சுட்டுக்கொன்றது. அவர் தரப்பிலும் துப்பாக்கிகள் இருந்தன. ஆளும் போனார், அச்சு இயந்திரமும் உடைந்து மிசிசிப்பி ஆற்றுக்குப் போனது. அதற்கு முன்பே அவருடைய மூன்று இயந்திரங்களை நாசமாக்கியிருந்தார்கள். கும்பலுக்கு எது வேண்டும் என்று இதிலேயே தெரியவில்லையா?

நீங்கள் மெக்லீனின் துப்பாக்கியில்லாத இடுப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எழுத்துப் பெட்டியைப் பாருங்கள். கம்போசிங் ஸ்டிக் என்ற கையடக்கத் தட்டில் எழுத்துகளைத் தலைகீழாக, இடமிருந்து வலமாகக் கோப்பார்கள். ஒவ்வொரு ஈய எழுத்தின் உடம்பிலும் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். மேல் எது கீழ் எது என்று விரலுக்கு அதுதான் சொல்லும். அச்சடித்து முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்துப் பெட்டியில் அறையறையாகத் திரும்பப் போட வேண்டும். கோப்பதைவிட இது வேகமாக நடக்கும், கையிலெடுத்த வரியை வாசித்துச் சொல் சொல்லாகப் போடலாம் என்பதால்.

ஒருவன் உள்ளே புகுந்து அந்தப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டால் வாசிக்க வரியே கிடையாது. ஆயிரக்கணக்கான எழுத்துகளைத் தரையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். சின்ன ‘என்’னை (n) தலைகீழாகத் திருப்பினால் ‘யு’ (u), ‘டி’யை (d) திருப்பினால் ‘பி’ (p). வெட்டைப் பார்க்காமல் போட்டால் அடுத்த இதழ் முழுக்கப் பிழை. மிதிபட்டு முகம் நசுங்கியதைக் கழிக்காமல் கலந்துவிட்டாலோ, அது வரும் இடமெல்லாம் அச்சு உடைந்து விழும். புது எழுத்து தொலைவிலுள்ள வார்ப்படசாலையிலிருந்து வந்து சேரவேண்டும்.

அதுவரை பத்திரிகை நின்றால் வருமானமும் நின்றது. 1879 மார்ச் 3ஆம் தேதிச் சட்டப்படி, அரசு நிலத்தில் குடியேறியவர்கள் அதற்கு இறுதி உரிமை கோரும் முன் பக்கத்துப் பத்திரிகையில் 30 நாள் அறிவிப்பு வர வேண்டும். டகோட்டாவின் சிறு பத்திரிகைகள் பல அந்தக் கட்டணத்தில்தான் ஓடின. நடுவில் ஒரு வார இதழ் தவறினால் ஒரு விவசாயியின் நிலக் கணக்கே தடுமாறும்.

துப்பாக்கிச் சண்டை சில நொடிகளில் முடிந்துவிடும். தொடரில் ஊர்க் காவல் அதிகாரியான மார்ஷல் டால்மன் வந்து ஆளைப் பிடித்துக்கொண்டு போவார். அதற்குப் பிறகும் தரையில் கிடக்கும் எழுத்துகளை யாராவது குனிந்து பொறுக்க வேண்டும், கே.