சாலையில் மிச்சமிருக்கும் இடம் எந்தக் கட்டடத்துக்குப் போகும்?

"ஒரே சாலையை நம்பி நான்கு அடுக்குமாடித் திட்டங்கள் அனுமதி கேட்டால் யாருக்குக் கொடுப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தை வைத்துச் சொல்கிறேன்.

அங்கே 1985-இல் வந்த சட்டத்தின் சாரம் இதுதான்: சாலை வசதி ஈடுகொடுத்தால்தான் கட்டட அனுமதி. கணக்கு எளிது. உதாரணத்துக்கு, நெரிசல் நேரத்தில் ஒரு சாலை மணிக்கு 1,800 வண்டிகளைத் தாங்கும் என்று வையுங்கள். இப்போது ஓடுவது 1,500. ஏற்கெனவே அனுமதி பெற்று இன்னும் கட்டி முடிக்காத திட்டங்களுக்கு 200. மிச்சம் 100. அதை முதலில் விண்ணப்பித்தவர் எடுத்துக்கொள்வார், ரேஷன் கடை வரிசை மாதிரிதான். இதில் எனக்கு உறுத்துவது, 99 பேர் நிரப்பிய சாலைக்கு நூறாவது ஆள் மட்டும் மாட்டிக்கொள்வது. அப்புறம் 2005-இல், அவரவர் பங்குக்குப் பணம் கட்டிவிட்டு மேலே போக வழி செய்தார்கள்.

பெரிய சிக்கல் வேறு. நகருக்குள் சாலைகள் நிரம்பியிருக்கும், ஊருக்கு வெளியே காலியாக இருக்கும். அதனால் கட்டுபவர்கள் வெளியே ஓடினார்கள், ஊர் இன்னும் பரந்தது. தடுக்க நினைத்த நோயையே மருந்து வளர்த்துவிட்டது! 2011-இல் சாலைக்கான இந்தக் கட்டாயத்தை மாநிலம் எடுத்துவிட்டது, வேண்டுமென்றால் உள்ளாட்சிகள் வைத்துக்கொள்ளலாம்.

வாஷிங்டன் மாநிலத்தில் 1990 முதல் இதே முறை உண்டு. அங்கே சாலை இன்றே தயாராக இருக்க வேண்டியதில்லை. ஆறு ஆண்டுக்குள் மேம்படுத்த நிதி உறுதியானால் சரி.