2 அடி மீன் தொட்டியில் ஏஞ்சல், நியான் டெட்ரா மீன்கள் இருக்கின்றன. அடியில் வாழும் மீன் எதைச் சேர்க்கலாம்?

கேள்வியைப் பார்த்ததுமே தெரிகிறது, யாரோ உங்களிடம் "ஒரு சக்கர் வாங்கிப் போடுங்க, டேங்க்கை அதுவே கழுவிடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். 2 அடி தொட்டி என்றால் தண்ணீர் 55 முதல் 70 லிட்டர் இருக்கும். கீழே கடையில் கொடுத்த கலர் கல் கிடக்கும். ஊர் எது என்று நீங்கள் சொல்லவில்லை. சென்னை என்றே வைத்துக்கொள்கிறேன். கொடைக்கானலில் இருந்து கேட்டிருந்தால் பாதி பதில் உங்களுக்கு உதவாது.

சக்கர் மீன் கதையை முதலில் முடித்துவிடுவோம். விரல் நீளத்தில் வாங்கும் அந்தக் கறுப்பு மீன் ஓர் அடியைத் தாண்டி வளரும். உங்கள் தொட்டியின் அகலமே ஓர் அடிதான். சின்ன வயதில் பாசி மேயும். பெரிதானதும் ராத்திரியில் ஏஞ்சலின் தட்டையான உடம்பில் ஒட்டிக்கொண்டு மேலே இருக்கும் வழவழப்பை உறிஞ்சும். தின்கிற அளவுக்குக் கழியவும் செய்யும். எந்த மீனும் தொட்டியைக் கழுவாது. கழுவ வேண்டியது நீங்கள்தான்.

கிளவுன் லோச்சும் வேண்டாம், அதுவும் ஓர் அடிக்கு வளரும் ஜாதி. வால் மட்டும் சிவப்பாக இருக்கும் ரெட் டெயில் ஷார்க் அழகுதான், ஆனால் தொட்டி முழுக்கத் தன் பட்டா நிலம் என்று நினைத்துக்கொண்டு எல்லாரையும் விரட்டும்.

கோரிடோரஸ் (சுருக்கமாகக் கோரி, மீசை வைத்த குட்டிக் கெளுத்தி) நல்ல தேர்வு என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மட்டும் வாங்கி விடாதீர்கள். கூட்டமாக வாழும் மீன், குறைந்தது ஆறு வேண்டும். வெயில் தாங்கும் வகையா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்டெர்பாய் கோரி 28 டிகிரியில் நிம்மதியாக இருக்கும். பாண்டா கோரி குளிர்ந்த தண்ணீர் கேட்கும்; மே மாதம் மாடி வீட்டில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போகும்போது அது பாவம். குஹ்லி லோச் தென்கிழக்கு ஆசிய மீன், சூடு பரவாயில்லை. ஆனால் குட்டியாக வாங்கினால் பெரிய ஏஞ்சல் அதைப் புழு என்று நினைத்து விழுங்கப் பார்க்கும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அயிரை.

சிரிக்காதீர்கள். மதுரைக்காரன் என்பதால் சொல்லவில்லை (கொஞ்சம் அதனாலும்தான்). குழம்பு வைக்கிற அதே அயிரை, லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ், லோச் குடும்பத்து மீன். கடையில் காசு கொடுத்து வாங்கும் குஹ்லிக்குச் சொந்தக்காரன். 19ஆம் நூற்றாண்டில் இதை அறிவியலில் பதிவு செய்தபோது மாதிரி கிடைத்த இடம் திருகோணமலை கன்னியா வெந்நீர் ஊற்று. உங்கள் வீட்டு மே மாதம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தண்ணீரில் காற்று குறைந்தால் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக் குடல் வழியாகவே சுவாசித்துக்கொள்ளும். கரண்ட் போய் ஃபில்டர் நின்றால் ஏஞ்சல் திணறும்போதும் இது தாக்குப்பிடிக்கும்.

மதுரைச் சந்தையில் அயிரையை உயிரோடுதான் விற்பார்கள். ஊருக்குப் போனபோது அங்கே சட்டியில் துள்ளிக்கொண்டிருந்ததில் பெரியதாகப் பார்த்து ஒரு கை அள்ளித் தரச் சொன்னேன். "என்ன தம்பி, இதை வச்சு யாருக்குக் குழம்பு வைக்கப் போறீங்க?" என்றார் அந்த அக்கா. வளர்க்கத்தான் என்றதும் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். வீட்டில் அத்தை அதற்கு மேல். மண்ணைக் கக்க வைக்கப் பாலில் போடப் போனவரைத் தடுத்து, மூடியில் ஓட்டை போட்ட கேனில் ஊற்றி ரயிலில் சென்னைக்குக் கொண்டுவந்தேன். ஒன்றுகூடச் சாகவில்லை. மூன்று வாரம் தனி டப்பில் வைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகே தொட்டியில் விட்டேன். மணலை வாயில் அள்ளி, தீனியைச் சலித்தெடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியாகக் கொட்டும் அழகைப் பார்க்க இப்போது அதே அத்தை சென்னைக்கு வந்தால் நாற்காலி போட்டு உட்காருகிறார்.

காட்டு மீனைப் பிடித்து அடைக்கலாமா என்று கீழே கமெண்டில் ஒருவர் வருவார். ஐயா, நான் எடுக்காமல் இருந்திருந்தால் அன்று மதியமே அது புளிக்குழம்பில். வேறு கேள்வி இருந்தால் கேளுங்கள்.

எதை விட்டாலும் அந்தக் கலர் கல்லை எடுத்துவிடுங்கள். தீனி இடுக்கில் இறங்கி அழுகும், மீன் மீசை தேயும். மெல்லிய மணல் போடுங்கள். எம்-சாண்ட் வேண்டாம், உடைத்த கல், முனை கூராக இருக்கும். மூழ்கும் தீனியை விளக்கு அணைத்த பிறகு போடுங்கள், இல்லையென்றால் மேலே இருப்பவர்களே எல்லாவற்றையும் காலி செய்துவிடுவார்கள். அயிரைக்குக் கண்ணுக்குக் கீழே முள் உண்டு, வலையில் மாட்டிக்கொள்ளும், டம்ளரால் பிடியுங்கள். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: ஏஞ்சல் முழுசாக வளர்ந்ததும் நியான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

வாடகை வீடாக இருந்தால் இன்னொன்று. என் பழைய ஹவுஸ் ஓனர் தொட்டியைப் பார்த்த நாள் முதல் "கரண்ட் எல்லாம் மீனுக்கே போகுது" என்று ஆரம்பித்தார். 15 வாட் ஃபில்டர் இரவு பகலாக ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 22 யூனிட்கூட வராது. தமிழ்நாடு அரசு அப்போது வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கொடுத்தது. இவர் சப் மீட்டர் வைத்து முதல் யூனிட்டில் இருந்தே 9 ரூபாய் வாங்கினார். அந்த 100 யூனிட் யார் கணக்கில் போனது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. கேட்ட அடுத்த மாதமே, உறவுக்காரர் குடிவருகிறார், காலி பண்ணுங்கள் என்றார். வீடு பிறகு மாசக்கணக்கில் பூட்டியே கிடந்தது.

சரி, ஏற்கெனவே சக்கர் வாங்கிவிட்டீர்கள் என்றால் பாவம் பார்த்து ஏரியில் கொண்டுபோய் விடாதீர்கள். தென்னமெரிக்க மீன் அது. நம் ஏரிகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. காசு கேட்காமல் கொடுத்தால் கடையிலேயே திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.