குசினியும் வேற லெவலும்

கேள்வி: புதுச்சேரியில் இருக்கும் என் அம்மா ‘குசினி’, ‘சொல்தா’ என்பார். மகனுக்கோ எல்லாமே ‘செம’, ‘வேற லெவல்’. இந்த மாற்றத்தைப் பதிவு செய்வது எப்படி?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ‘சொல்தா’ பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களைக் குறித்த சொல். 1954இல் ஆட்சி கைமாறியது. அவர்கள் குறையக் குறையச் சொல்லும் ஒதுங்குகிறது. குசினியின் கதை வேறு. சமையலறை அப்படியே இருக்க, ‘கிச்சன்’ வந்து அந்தச் சொல்லைத் தள்ளிவிட்டது. போர்ச்சுக்கீசியம் தந்த சாவி, ஜன்னல் மட்டும் அசையவே இல்லை!

“குசினின்னு சொல்வீங்களா?” என்று கேட்காதீர்கள்; மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். பொருளைக் காட்டி, “இதை என்னன்னு சொல்வீங்க?” என்று கேளுங்கள். செல்போனில் பதிவு செய்தால் முதல் பத்து நிமிடம் மேடைத்தமிழ்தான் வரும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். சொல்லைத் தனியாக எழுதாமல் முழு வாக்கியமாக எழுதி, பேசியவர் பிறந்த ஆண்டு, வளர்ந்த ஊர் இரண்டையும் குறியுங்கள்.

பாட்டி, பேரன் இருவரோடு நிறுத்தினால் தவறாகிவிடும். கல்லூரிப் பேச்சு வேலைக்குப் போனதும் பாதி உதிர்ந்துவிடும். அது வயதின் பேச்சு, மொழி மாற்றமல்ல. நாற்பது வயதுக்காரர் ஒருவரையும் சேருங்கள். ‘செம’ அவர் வாயிலும் இயல்பாக வந்தால், அது நிலைத்துவிட்டது என்று நம்பலாம்.