பழைய டெஸ்க்டாப்புக்குப் பதிலாக லேப்டாப்: ஏற்காட்டு வீட்டுக்கு எது சரிப்படும்?

கேள்வியின் சுருக்கம் இது: ஏற்காட்டில் சின்னக் காபித் தோட்டம். வீட்டில் 2013-இல் வாங்கிய டெஸ்க்டாப், மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. அப்பா அதில் டேலியில் தோட்டக் கணக்கு எழுதுகிறார், தங்கை கல்லூரி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வருகிறது, யூபிஎஸ் பேட்டரி மறுபடியும் செத்துவிட்டது. அறுபதாயிரத்துக்குள் லேப்டாப் வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்குவது?

வாங்கலாம். நான் சேலத்தில் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலை பார்ப்பவன், மலையிலிருந்து இறங்கி வந்து "அப்படியே கம்ப்யூட்டரையும் நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க" என்று உட்கார்ந்துகொள்பவர்கள் உண்டு, அதனால் இந்தக் கேள்வி பழக்கமானதுதான். அவர்களிடம் முதலில் சொல்வது ஒன்றே ஒன்று: நீங்கள் வாங்கப்போவது பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிற லேப்டாப் இல்லை. மேசையை விட்டு அதிகம் நகராத, வீட்டில் எல்லாரும் கை வைக்கிற, ஏழெட்டு வருடம் ஓட வேண்டிய மெஷின். கடையில் உங்களிடம் எடையையும் மெலிவையும் "பத்து மணி நேரம் சார்ஜ் நிற்கும்" என்பதையும்தான் விற்பார்கள், காசும் அதற்குத்தான் போகும். உங்களுக்கு அந்த மூன்றுமே தேவையில்லை. அந்தக் காசைத் திரை, ரேம், போர்ட், சர்வீஸ் நான்கிலும் போடுங்கள்.

பழையதையே தேற்ற முடியாதா என்றால், பாதி முடியும். ஒரு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பு) போட்டு ரேமை 8 ஜிபி ஆக்கினால் அந்த ஐ3 இன்றைக்கும் நடமாடும். சிக்கல் விண்டோஸில். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, வீட்டு உபயோகத்துக்குப் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் வரை. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும், உங்களுடையதில் இரண்டும் இல்லை. லினக்ஸ் போட்டால் இன்னும் பல வருடம் ஓடும், ஆனால் டேலி விண்டோஸுக்கானது, அப்பாவை இந்த வயதில் சுற்றுவழியில் இழுக்க வேண்டாம். (உங்கள் டெஸ்க்டாப் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருந்திருந்தால் எஸ்எஸ்டி வாங்குங்கள், புது மெஷினை மறந்துவிடுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன்.)

டெஸ்க்டாப்பை விடுவதற்கு உங்களுக்கு இருக்கிற நிஜமான காரணம் கரண்ட். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் லைன் போகிற ஊர், காற்றடித்துக் கிளை விழுந்தால் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வாங்குகிற 600 விஏ யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. அது கோப்பைச் சேமித்துவிட்டு எழுந்துபோகத் தருகிற அவகாசம்தான், இரண்டு மூன்று வருடத்தில் மாற்றவும் வேண்டும், அடிக்கடி முழுசாக வடிந்தால் அதற்கும் முன்பே. லேப்டாப் என்றால் அந்தச் செலவு மிச்சம். டேலி, பிரௌசர் மாதிரி வேலைக்கு லேப்டாப் 15, 20 வாட்டுக்குள் இழுக்கும், பேட்டரி 45 வாட்-ஹவர் என்றால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஆனால் வைஃபை பெட்டி செத்துவிடுமே! இதை யோசிக்காமல் வாங்கிவிட்டு, லேப்டாப் ஓடுகிறது நெட் இல்லை என்பார்கள். ரவுட்டருக்கென்று 12 வோல்ட் மினி யூபிஎஸ் தனியாகக் கிடைக்கிறது, கையோடு அதையும் வாங்குங்கள்.

இடி வேறு விஷயம். பேட்டரி இருப்பதால் மின்னலிலிருந்து தப்பித்துவிட முடியாது, அடாப்டர் செருகியிருந்தால் வரவேண்டியது வந்தே தீரும். இடி கேட்டால் பிளக்கை உருவிவிட்டு பேட்டரியில் வேலை செய்யுங்கள், டெஸ்க்டாப்பில் முடியாத சுகம் இதுதான். அப்புறம் பழைய தோட்ட வீடுகளில் எர்த் சரியாக இருக்காது. உலோக உடல் லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுத் தொட்டால் விரலில் சுள்ளென்று இருந்தால் லேப்டாப் கெட்டுவிட்டது என்று ஓட வேண்டாம், முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

திரையும் கீபோர்டும். 14 இன்ச் வேண்டாம். 15.6 அல்லது 16 இன்ச் எடுங்கள், முக்கியமாக வலது ஓரத்தில் நம்பர் பேட் இருக்க வேண்டும். டேலியில் வவுச்சர் போடுகிறவர் கை நம்பர் பேட் இல்லாமல் நிற்காது, மேல் வரிசை எண்களைத் தேடித் தேடி அடிக்க வைத்தால் ஒரு வாரத்தில் பழைய டெஸ்க்டாப்புக்கே திரும்பிவிடுவார். 14 இன்ச்சில் அனேகமாக நம்பர் பேட் வராது. பேனல் ஐபிஎஸ் தானா என்று கேளுங்கள், டிஎன் பேனல் இன்னும் சில மலிவு மாடல்களில் இருக்கிறது, தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் மாறிவிடும். வெளிச்சம் 250 நிட்ஸ் வீட்டுக்குள் போதும், 300 இருந்தால் நல்லது. 1920 x 1080-க்குக் குறைவாக இருந்தால் தொடவே தொடாதீர்கள்.

உங்கள் பழைய மானிட்டரைத் தூக்கிப் போடாதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். நாள் முழுக்க லேப்டாப்பைக் குனிந்து பார்த்தால் கழுத்து போய்விடும். மானிட்டர், பழைய கீபோர்டு, மவுஸ் மூன்றையும் மாட்டி மேசையில் அப்படியே வைத்தால் அப்பாவுக்கு எதுவும் மாறின மாதிரியே தெரியாது. மானிட்டரில் நீல நிற விஜிஏ போர்ட் மட்டும்தான் இருக்கிறது என்றால் எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் அடாப்டர் வேண்டும். உள்ளே சிப் இருக்கிற வகைதான் வேலை செய்யும், இரண்டு முனையை ஒட்டின வெறும் கேபிள் வேலைக்காகாது. கீபோர்டு ஊதா நிற உருண்டைப் பின் உள்ளது என்றால் புதிதாக ஒரு யூஎஸ்பி கீபோர்டு வாங்கிவிடுங்கள், அதற்கெல்லாம் அடாப்டர் தேடி அலைய வேண்டாம்.

போர்ட்டுகளை எண்ணிப் பாருங்கள். பிரிண்டருக்கு ஒன்று, மவுஸ் கீபோர்டுக்கு இரண்டு, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இருந்தால் அதற்கு ஒன்று, நடுவில் யாராவது பென்டிரைவைக் கொண்டுவருவார்கள். மெல்லிய மாடலில் சாதா யூஎஸ்பி இரண்டு இருந்தாலே அதிசயம். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாட்ட மாட்டீர்கள் என்றாலும் குறைந்தது மூன்று யூஎஸ்பி, முழு அளவு எச்டிஎம்ஐ, முடிந்தால் லேன் போர்ட். கல் சுவர் வீட்டில் வைஃபை அடுத்த அறைக்கே திணறும், கேபிள் இழுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ரேம் 16 ஜிபி. 8 ஜிபி இன்றைக்குப் போதும், ஐந்து வருடம் கழித்துப் போதாது. பணம் இடித்தால் 8 ஜிபியில் எடுக்கலாம், ஆனால் காலியாக ஒரு ஸ்லாட் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு. விவரச் சீட்டில் எல்பிடிடிஆர்5 என்று போட்டிருந்தால் அது போர்டிலேயே பற்றவைத்தது, பிறகு ஏற்ற முடியாது. வெறும் டிடிஆர்4, டிடிஆர்5 என்றால் பெரும்பாலும் கழற்றி மாட்டலாம், சிலவற்றில் பாதி பற்றவைத்தது பாதி ஸ்லாட். கடைக்காரரிடம் "ஏத்தலாமா அண்ணா?" என்று மட்டும் கேட்டால் ஏத்தலாம் என்றுதான் பதில் வரும். மாடல் எண்ணை வாங்கிக் கம்பெனி தளத்தில் நீங்களே பாருங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டது, அதனால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கு முன்பு மாதிரி லாபமும் இல்லை. சேமிப்பு 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, அதில் யோசிக்க எதுவுமில்லை.

பிராசஸரைப் பற்றித்தான் எல்லாரும் அதிகம் பேசுவார்கள், உங்கள் வேலைக்கு அது அவ்வளவு பெரிய விஷயமே இல்லை. ஐ5 என்ற ஸ்டிக்கரை நம்பாமல் முழு எண்ணைப் படியுங்கள். ஐ5-1334யு பத்து கோர் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), ஐ5-13420எச் எட்டு கோர், ஆனால் முதலாவதில் வேகமான கோர் இரண்டுதான், இரண்டாவதில் நான்கு. யு என்பது 15 வாட் சிப், எச் என்பது 45 வாட். மேசையில் கிடக்கும் மெஷினுக்கு எச் நல்ல தேர்வு, விசிறிச் சத்தம் கொஞ்சம் கூடும். ஏஎம்டியில் ரைசன் 5 7520யு-வும் 7530யு-வும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முதலாவது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பில் நான்கு கோர், ரேமும் பற்றவைத்ததுதான். இரண்டாவது ஜென் 3, ஆறு கோர். எண்ணில் பத்துதான் வித்தியாசம், மெஷின் வேறு. 7530யு கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். கேமிங் கார்டு வேண்டாம், தங்கை இன்ஜினியரிங் டிசைன் மென்பொருள் ஏதாவது ஓட்டுகிறாள் என்றால் மட்டும் பேசுவோம்.

எப்போதும் சார்ஜில் கிடக்கும் லேப்டாப்பின் பேட்டரி சீக்கிரம் தேயும், வீங்கவும் செய்யலாம். பெரிய கம்பெனி லேப்டாப்புகள் பலவற்றில் 80 சதவீத வாக்கில் சார்ஜை நிறுத்தும் அமைப்பு ஏதோ ஒரு பெயரில் இருக்கும், முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் மாதங்களில் மட்டும் எடுத்துவிட்டு நூறு வரை ஏற்றிக்கொள்ளலாம். மலையில் சூடு பிரச்சினை இல்லை, ஈரம்தான் பிரச்சினை: மூடிய அலமாரியில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், தினம் ஓடினால் உள்ளே தானாக உலர்ந்துவிடும். இதுவே சேலத்தில் அம்மாபேட்டைப் பக்கம் தறி ஓடுகிற தெருவில் இருப்பவர் கேட்டிருந்தால் பஞ்சுத் தூசி விசிறியை அடைப்பதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

வாங்குவது ஆன்லைனிலா கடையிலா? விலையைவிட சர்வீஸைப் பாருங்கள். "ஆன்-சைட் வாரண்டி" என்று போட்டிருந்தாலும் எல்லா ஊருக்கும் ஆள் வருவதில்லை. வாங்கும் முன்பே கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணில் ஏற்காட்டுப் பின்கோடைச் சொல்லி, வீட்டுக்கு வருவார்களா, சேலத்துக்கு நாங்கள் கொண்டுவர வேண்டுமா என்று கேளுங்கள். என் வாடிக்கையாளர் ஒருவர் கேட்காமல் வாங்கிவிட்டு, ஒரு கீபோர்டு பழுதுக்காக இருபது கொண்டை ஊசி வளைவையும் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினார். மூன்று வருட வாரண்டி நீட்டிப்பு கிடைத்தால் வாங்கும்போதே போட்டுக்கொள்ளுங்கள். விலையில் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. வறுக்காத காபிக் கொட்டைக்கு ஜிஎஸ்டி இல்லை, அதனால் கொட்டை மட்டும் விற்கும் தோட்டத்துக்காரர் அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது, கடையில் யாராவது அப்படிச் சொல்லி ஆசை காட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

விண்டோஸ் ஏற்றி வருகிற மாடலையே வாங்குங்கள். கூட வரும் ஆபிஸ் ஒரு வருடச் சந்தாவா, ஒரே தடவை விலையா என்று பாருங்கள், சந்தா என்றால் அடுத்த வருடம் காசு கேட்கும்.

புது மெஷின் வந்த சந்தோஷத்தில் பழையதை உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள். டேலி லைசென்ஸ் அந்தக் கம்ப்யூட்டரோடு கட்டப்பட்டிருக்கிறது, அதை அங்கே சரண்டர் செய்த பிறகுதான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். டேட்டா ஃபோல்டரை பேக்கப் எடுத்து, புதியதில் திறந்து, போன வருட இறுதி இருப்பு ஒத்துப்போகிறதா என்று அப்பாவை விட்டே பார்க்கச் சொல்லுங்கள். விண்டோஸ் 11 டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவைத்திருக்கலாம், அதைத் திறக்க உதவும் ரிக்கவரி கீயை ஒரு காகிதத்தில் எழுதிப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் மூன்றரை இன்ச் என்பதால் யூஎஸ்பி கேபிள் மட்டும் போதாது, தனிப் பவர் அடாப்டரோடு வரும் கேஸ் வாங்க வேண்டும். மார்ச் கணக்கு முடித்து ரிட்டர்ன் போடும் வரைக்கும் அந்த டிஸ்க்கை அழிக்காதீர்கள்.