சிறைக்குள் படமெடுக்கும் அனுமதி: நகரி நண்பருக்குப் பதில்
செம்மர வழக்குகளில் ஆந்திரச் சிறைகளில் இருக்கும் ஜவ்வாது மலைத் தமிழர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க, சிறைக் கண்காணிப்பாளரிடம் நீங்கள் அளித்த மனு திரும்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். உள்துறை அமைச்சகத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி இம்முடிவு மாநில அரசைச் சார்ந்தது. எனவே படத்தின் சமூகப் பயனை விளக்கி, 30 நாள் முன்பாக அரசுக்கே விண்ணப்பியுங்கள். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. விடுதலையாகி ஊர் திரும்பியவர்களிடமும், மொழி புரியாத நீதிமன்றத்துக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் பேருந்தேறும் குடும்பத்தாரிடமும் முதலில் பேசுங்கள். பிணையைப் பொறுத்தவரை, மரண, ஆயுள் தண்டனைக் குற்றங்கள் நீங்கலாக, முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதி உச்ச தண்டனையில் மூன்றிலொரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் பிணையில் விட வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு; ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவருக்கு அது பொருந்தாது (மரம் வெட்டப் போன கூலிகள் பலர் சிக்குவது இங்கேதான்). விசாரணை முடியாதவர்களின் முகத்தையும் பெயரையும் தயவுசெய்து காட்டாதீர்கள்.